வண்டிக்கு அடியில் ஓடும் நாய்

செவலை நடக்கவில்லை.

படகிலிருந்து இறங்கும்போது புதுக் குதிரை ஒழுங்காகத்தான் இறங்கியது. உப்பங்கழியின் முழங்கால் தண்ணீரில் குதித்தது, கரையேறியது, உடம்பைச் சிலிர்த்து, துறையில் நின்றிருந்த அத்தனை பேர் மேலும் சேற்றை வாரி இறைத்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது, தட்டியும் விட்டேன். அதற்கப்புறம் நின்றது. நின்றதுதான். மாமா முன்னாலிருந்து இழுத்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். படகுக்காரர் 'ஹேய் ஹேய்' என்று துடுப்பால் தண்ணீரை அடித்தார். செவலை காதைக்கூட அசைக்காமல், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் குமாஸ்தா மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நின்றது.

"இன்னா மாமா, சாவி வாங்க மறந்துட்டியா?" என்றேன்.

"வாய மூடிகினு தள்ளு, காலேஜு."

மாமா என்றால் என் அக்காவின் புருஷன். நான் பி.யூ.சி. முடித்துவிட்டு, ராயபுரத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், அக்காவுக்கு ஒத்தாசை என்று சொல்லிக்கொண்டு தீவுக்கு வந்திருந்தேன். அதனால் அங்கே என் பெயர் காலேஜு. குப்பத்துக் குழந்தைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டன.

தீவு என்றால் ஏதோ தூர தேசம் இல்லை. எண்ணூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கழியைப் படகில் தாண்டினால் வந்துவிடும். கிழக்கே கடல், மேற்கே கழியும் பக்கிங்காம் கால்வாயும். நடுவில் மணல், சவுக்கு, பனை, மறுபடியும் மணல். குப்பம் கடல் பக்கம் இருந்தது, படகுத்துறை கழிப் பக்கம். நடுவே ஒரு மைல். அந்த ஒரு மைலில்தான் எல்லோர் பிழைப்பும். காலையில் கட்டுமரங்கள் கரை சேரும். வாளையும் காரப்பொடி மீனும் சங்கராவும் கூடைகளில் விழும். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் அந்தக் கூடைகள் துறைக்குப் போயாக வேண்டும். அங்கே எண்ணூர் வியாபாரியின் படகு நிற்கும், யாருக்காகவும் காத்திருக்காது. வண்டி கட்டலாம் என்றால் மணலில் சக்கரம் அச்சுவரை புதைந்துவிடும். ஆகவே குதிரை முதுகு. குதிரை இல்லாத வீட்டில் பெண்களின் தலை.

எங்கள் வீட்டுக் குதிரை மழைக்காலத்தில் வயிறு உப்பிச் செத்துப்போயிற்று. அன்று முதல் அக்காவின் தலைதான். செவலை வந்தபோது அவளுக்கு ஐந்தாம் மாசம். அதற்கு முந்தைய தடவை தங்கவில்லை. மருத்துவச்சி வந்து பார்த்து, சுமை தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போன மறுநாளே அக்கா சும்மாட்டைத் தலையில் வைத்துக் கூடையை ஏற்றிக்கொண்டாள்.

"அந்தம்மா சொல்லிட்டுப் பூட்டாங்க. மீனு தானா நடந்துகினு போவுமா?"

நானும் சுமந்தேன். ஆனால் ஒரு கூடையா, இரண்டு கூடையா? இருவரும் இரண்டு நடை போக வேண்டியிருந்தது. மாமா வலையை உதறிக் கரையேற்றி முடிப்பதற்குள் வியாபாரியின் படகு போய்விடும். மாமா கடலிலிருந்து திரும்பும்போதெல்லாம் அக்காவின் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை. செவலை வந்தால் அக்கா தலையில் கூடை ஏறாது. அவ்வளவுதான் விஷயம். அதற்காகத்தான் அதை வாங்கினார். அதற்காகத்தான் நான் கைதட்டினேன்.

அந்த செவலைதான் நடக்கவில்லை. முதல் நாள் ஐந்தாறு ஆண்களும் நானும் சேர்ந்து ஒரு மைலுக்கு அதைத் தள்ளிக்கொண்டே போனோம். அதைப் பார்த்தவர்கள் நாங்கள் பீரோ வாங்கி வருகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தீவில் இருந்த குதிரைகள் எல்லாமே பழைய ஜட்கா வண்டிக் குதிரைகள். என் தோள் உயரம் வரும் மட்டக்குதிரைகள். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் சைக்கிள் ரிக்ஷா பெருகப் பெருக ஜட்காக்காரர்கள் விற்றார்கள், குப்பத்துக்காரர்கள் வாங்கினார்கள். நாய்களுக்கும் ஊர் அதுதான். நாய் பிடிக்கிற வண்டி தெருவுக்கு வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், பட்டணத்துச் சொந்தக்காரர்கள் தங்கள் செல்ல நாயைக் கூடையில் வைத்துத் துணி மூடி, படகேற்றிக் கொண்டுவந்து குப்பத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். வேலை போன குதிரைகளும் தலைமறைவான நாய்களுமாகத் தீவு ஜேஜே என்று இருந்தது. வந்த முதல் வாரம் நான் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவேன், அவ்வளவு வேடிக்கை!

கடலைப் பார்த்து நாய்கள் வரிசையாகப் படுத்திருக்கும். தூரத்தில் கட்டுமரம் தெரிந்தால் எல்லாம் எழுந்திருக்காது. அந்த வீட்டு நாய் மட்டும் எழுந்து வாலை ஆட்டும். எனக்கு ஒரு புள்ளியும் தெரியாதபோதே அதற்கு எப்படித் தெரிந்தது? குதிரைகள் உலர்த்திய வலையை நக்கிக்கொண்டு நிற்கும், உப்புக்காக. கருவாடு தின்னும் குதிரையை நான் அங்கேதான் பார்த்தேன். கோடையில் தண்ணீர் வற்றினால் ஒரு குதிரை போய்ப் பனையடி மணலை முன்னங்காலால் பறிக்கும். பறித்துக்கொண்டே இருக்கும். நாய்கள் சுற்றி உட்கார்ந்து காத்திருக்கும். ஊற்றுக் கண் திறந்ததும் குதிரை குடிக்கும். அது தலையை எடுத்ததும் நாய்கள். ஒரு நாயும் முந்தாது. ராயபுரத்துக் குழாயடியில் நான் ஒரு நாளும் அப்படி ஒரு வரிசையைக் கண்டதில்லை.

ஒவ்வொரு குதிரையும் பட்டணத்திலிருந்து ஏதோ ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தது. ஒரு கிழட்டுக் கறுப்புக் குதிரை, மறுகரையில் ரயில் ஊதினால் அப்படியே நின்றுவிடும். கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று நின்று பழகியது. ரயில் சத்தம் முழுதும் அடங்கிய பிறகுதான் காலை எடுத்து வைக்கும். அதன் சொந்தக்காரர் அதை அடிப்பதும் இல்லை, திட்டுவதும் இல்லை. அந்த நேரத்தில் ஒரு பீடி பிடித்துக்கொள்வார்.

ஆனால் செவலையின் பழக்கம் என்ன என்றே யாருக்கும் பிடிபடவில்லை. வெல்லம் காட்டினோம். வைக்கோல் காட்டினோம். கண்பட்டையைக் கழற்றினோம், மறுபடி மாட்டினோம். கழுத்தில் மணி கட்டினோம். மாமா ஜட்காக்காரர் மாதிரியே நாக்கைச் சொடுக்கினார். கூடை ஏற்றினால் ஏற்றிக்கொள்ளும். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏற்றிக்கொண்டு நிற்கும்.

"சுழி சரியில்லப்பா. நெத்தியில பாரு, எறங்கு சுழி," என்றார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா.

"நான் பாக்காத சுழியா?" என்று மாமா பாய்ந்தார். "பல்லப் பாத்தேன், கொளம்பப் பாத்தேன், சுழியப் பாத்தேன். ஒண்ணும் பழுதில்ல."

"அப்ப ஏன் நிக்குது?"

"அத்தக் கேளு!"

அக்கா முன்னால் வந்தாள். கூடையைச் செவலையின் முதுகிலிருந்து இறக்கித் தன் தலைக்கு மாற்றிக்கொண்டாள். நின்று கொண்டிருந்த குதிரையின் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு. "நீ குந்து ராஜா, நான் போய்க் கொடுத்துட்டு வரேன்." குப்பமே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை சவுக்குக்கட்டை ஏற்றிப் பட்டணம் போகும் படகில் செவலையும் போகிறது. பட்டணத்தில் நடக்காத குதிரையை ஓட்டுவதற்காக யாரும் வாங்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்கினால் தோலுக்குத்தான்.

மறுநாள் மத்தியானம்தான் நான் அதைப் பார்த்தேன். பார்த்ததும் கையிலிருந்த மோர்ச் சொம்பு விழுந்தது! செவலை வழக்கம்போல நின்றிருந்தது. குப்பத்து நாய் ஒன்று வெயிலுக்கு நிழல் தேடி அதன் பின்னங்கால்களுக்குப் பின்னால் புகுந்து மூச்சிரைத்துக்கொண்டே போயிற்று. செவலை நடந்தது. ஆமாம், நடந்தது! நாலைந்து அடி, தலையை ஆட்டிக்கொண்டு, ஜோராக. நாய் வேறு பக்கம் விலகியது. செவலை நின்றுவிட்டது.

எனக்குத் தலைக்குள் பட்டாசு வெடித்தது. ராயபுரம் மார்க்கெட் பக்கத்து ஜட்கா ஸ்டாண்டு கண்ணுக்கு முன் வந்து நின்றது. பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் பார்த்த வண்டி. மாமா வாங்கி வந்த இதே சிவப்புக் குதிரை. அதற்குப் பின்னால் வண்டி. வண்டிக்கு அடியில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், ஒரு வெள்ளை நாய், நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடும். வண்டி எங்கே போனாலும் ஓடும். கண்பட்டை கட்டிய குதிரைக்கு அதைத் தெரியாது. ஆனால் பின்னங்காலுக்குப் பின்னால் எந்நேரமும் அந்த மூச்சு கேட்டிருக்கும்.

"மாமா! பல்லப் பாத்த, கொளம்பப் பாத்த, சுழியப் பாத்த. வண்டிக்கு அடியில பாத்தியா?"

"வண்டிய நான் எங்க வாங்கினேன்? அடியில எதுக்குப் பாக்கணும்?"

அதுதான் அவர் செய்த தப்பு. தீவில் வண்டியே கிடையாதே, அதன் அடியில் ஒன்று இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

முதலில் குப்பத்து நாய்களையே பிடித்துப் பார்த்தோம். அவை கயிறு கட்டினால் உட்கார்ந்துகொண்டன. அவிழ்த்தால் கட்டுமரம் பார்க்கப் போய்விட்டன. அவற்றுக்கு அவற்றின் உத்தியோகம். சரி, அந்த வெள்ளை நாயேதான் வேண்டும். மாமா பின்னந்தலையைச் சொறிந்தார். "குதிரைக்கு நாயி, நாயிக்கு எலியா?" என்றார். அக்கா மட்டும், "போய்ட்டு வரட்டுமே. இங்க குந்தி என் உசுர வாங்குறதுக்கு நாய இஸ்துகினு வரது தேவல," என்றாள்.

வியாழக்கிழமை முதல் படகில் கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, திருவொற்றியூர் தாண்டும்வரை டிரைவரை மனசுக்குள் விரட்டிக்கொண்டே போனேன். ராயபுரத்தில் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. தலைகாட்டினால் அம்மா பிடித்து உட்காரவைத்து இட்லி ஊட்டி, வேலைக்கு மனுப்போடு என்பாள். நேரே ஸ்டாண்டுக்கு.

செவலையை விற்ற ஜட்காக்காரர் அங்கேதான் இருந்தார். முப்பது வயசு இருக்கும், வாய்க்கு மட்டும் அறுபது. இப்போது புது சைக்கிள் ரிக்ஷாவில் காலைத் தூக்கிப் போட்டுச் சாய்ந்திருந்தார்.

"அண்ணே, உன் ஜட்காவுக்கு அடியில ஒரு வெள்ள நாயி ஓடுமே, அது எங்க?"

"ஏன், அதுவும் வோணுமா? மொதல்ல குதிர, இப்ப நாயி. அப்பறம் என்னையும் இட்டுகினு போவியா?"

"நடக்க மாட்டேங்குது அண்ணே."

"யாரு, உங்க மாமனா?"

"குதிர!"

அவர் எழுந்து உட்கார்ந்தார். "என் குதிரயா? சூளைக்கும் காசிமேட்டுக்கும் பறக்குமேம்மே அது!"

"நாயி இல்லாம என்னிக்காவது ஓட்டினியா?"

யோசித்தார். "தெரியாதே. சவாரி போறவன் எவன் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாப்பான்? அது என் நாயும் இல்ல தங்கச்சி. வண்டியோட நாயி. எவன் வூட்டுச் சோத்தையும் துன்னும், என் வண்டியில ஓடும். இப்ப பாரு, ரிக்ஷாவுக்கு அடியில பூந்துகினு ஒரே பேஜாரு. பெடல்ல கால வெச்சா அது தலையில இருக்குது என் காலு." குனிந்து ரிக்ஷாவுக்கு அடியில் கையை விட்டு இழுத்தார். வெள்ளை நாய், தலையில் ஒரு வீக்கத்தோடு வெளியே வந்தது. "எட்த்துகினு போ. புண்ணியமாப் போவும்."

எடுத்துக்கொண்டு போவது அவ்வளவு சுலபமா? கயிறு கட்டி இழுத்தேன், உட்கார்ந்தது. தூக்கினேன், வழுக்கிக் குதித்து மறுபடி ரிக்ஷாவுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. சக்கரம் இருந்தால்தான் அது நகரும். அப்படியானால் எண்ணூர்வரை சக்கரம் வேண்டும்!

மார்க்கெட்டில் எண்ணூர் மீன் இறக்கிவிட்டு, காலிக் கூடைகளோடு திரும்பும் மாட்டு வண்டி ஒன்று கிடைத்தது. வண்டிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாயிக்கு வண்டி வெச்சு இட்டுகினு போற மொத ஆளு நீதாம்மே. நாயி வண்டியில குந்துமா, நீ அடியில ஓடுவியா?"

"ரெண்டு பேரும் அவங்கவங்க எடத்துல," என்று ஏறிக்கொண்டேன்.

வண்டி நகர்ந்தது. வெள்ளை நாய் ஒரு தரம் முகர்ந்து பார்த்தது, உள்ளே புகுந்தது, ஓட ஆரம்பித்தது. நான் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டிக்கு அடியில் ஓடும் நாய், வண்டியைத் தானே இழுப்பதாக நினைக்குமாம் என்று சொல்வார்களே, அது கேலி இல்லை, நிஜம். அந்த முகத்தை நேரில் பார்க்க வேண்டும்! தண்டையார்பேட்டையை இழுத்துக்கொண்டு போனது. திருவொற்றியூரை இழுத்துக்கொண்டு போனது. எதிரே லாரி வந்தால் லேசாக ஒதுங்கி, மாடுகளுக்கு வழி சொல்வதுபோல ஒரு குரல் கொடுத்தது.

விம்கோ நகரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டியை நிறுத்தினார். அதே நேரம் பார்த்து ஆலைச் சங்கு ஊதியது. ஷிப்டு விட்டது. வாசலிலிருந்து சைக்கிள்! சைக்கிளுக்குப் பின் சைக்கிள், மணி அடித்துக்கொண்டு, டிபன் கேரியர் ஆட, சாலை முழுக்க சக்கரம். என் நாய் தலையைத் தூக்கியது. சக்கரத்துக்கு அடியில் வாழ்கிற ஒரு ஜீவனுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும்? ஒரே பாய்ச்சல். போய்விட்டது.

நான் கத்திக்கொண்டே சைக்கிள்களுக்குள் ஓடினேன். "நாயி! வெள்ள நாயி!" ஒருவர், "எங்க, எங்க, கடிக்குமா?" என்று சைக்கிளைச் சாய்த்தார். இன்னொருவர், "பாத்து ஓடுமே, நீயே அடிபட்டுடப்போற!" என்றார். வெள்ளை ஒரு கணம் இந்தச் சக்கரத்துக்கிடையில் தெரியும், மறுகணம் அந்தச் சக்கரத்துக்கிடையில். சனிக்கிழமைப் படகு, செவலை, அக்காவின் கழுத்தில் புடைக்கும் அந்த நரம்பு, எல்லாம் அந்தக் கூட்டத்துக்குள் கரைந்து போவதுபோல இருந்தது. அப்புறம் சைக்கிள்கள் வடிந்தன. சாலை காலியாயிற்று. நாய் இல்லை.

"யாரத் தேடுற?" என்று ஒரு குரல். வடை போடும் அம்மா, தள்ளுவண்டியோடு. "வெள்ளையா, நெத்தி வீங்கினதா? இந்தா கீது. வண்டியத் தள்ளினா வருது, நிறுத்தினா நிக்குது. கடனுக்கு வட கேக்குற பசங்களவிட ஒழுங்கு!" அவள் வண்டிக்கு அடியில், நாலு சின்னச் சக்கரத்துக்கு நடுவே, என் நாய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு சைக்கிளுக்கு அடியிலும் இடம் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டு வந்திருக்கிறது. மாட்டு வண்டியை அந்த அம்மாவின் வண்டிக்கு ஒட்டினாற்போல மெதுவாக ஓட்டச் சொன்னேன். நாய் யோசித்தது. பெரிய நிழலுக்கு மாறிக்கொண்டது. நான் வடை வாங்கி, ஒன்று எனக்கு, ஒன்று வண்டிக்காரருக்கு, இரண்டு அதற்கு.

எண்ணூரில் அப்போது மின்நிலையத்துக்குப் புகைபோக்கி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பாதி வளர்ந்த அது கண்ணுக்குத் தெரிந்தால் கழி வந்துவிட்டது என்று அர்த்தம். படகில் சக்கரம் இல்லையே என்ற கவலை எனக்கு விம்கோவிலேயே ஆரம்பித்திருந்தது. ஆனால் நாய் படகைச் சுற்றி மோந்துவிட்டு, உட்காரும் குறுக்குப் பலகைக்கு அடியில் சொகுசாகப் புகுந்து படுத்துக்கொண்டது. அடி என்று ஒன்று இருந்தால் போதும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை. மீன் வந்தது. மாமா வலையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டுக் கயிற்றோடு வந்து நின்றார். குப்பம் மொத்தமும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. செவலையின் முதுகில் சாக்கு மெத்தை, இரண்டு பக்கமும் கூடை. நான் நாயைக் கொண்டுவந்து விட்டேன். செவலையின் காது இரண்டும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பின. மூக்கு விடைத்தது.

நாய் செவலையின் காலை மோந்தது. பின்னால் போய்ப் பார்த்தது. வண்டி இல்லை. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. சக்கரம் இல்லை. உட்கார்ந்துகொண்டது. செவலையும் நின்றது.

சிரிப்பு அலை மாதிரி வந்தது. "காலேஜு, நாயிக்கும் சனிக்கெழம ஒரு டிக்கெட்டு எட்த்துடு!" என்று யாரோ கத்தினார்கள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா மெதுவாக வந்து ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கூடையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"கைய எடு!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அக்கா, கைய எடு. ஒரு நிமிசம்!"

ஓடினேன். பனையடியில் நுங்கு நோண்டித் தின்று எறிந்த பனங்காய்கள் குவிந்து கிடந்தன. இரண்டை எடுத்தேன், ஒரு குச்சியை இரண்டிலும் குத்திச் சேர்த்தேன், கவையுள்ள ஒரு கோலை நடுவில் கோத்தேன். நுங்கு வண்டி! கனம் இல்லாததால் மணலில் புதையாது. ராயபுரம் சந்துகளில் ஆம்பளைப் பிள்ளைகளை முந்திக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

"இத்தான் காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார் பெரியப்பா.

கோலைப் பிடித்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செவலையின் முகத்துக்கு முன்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பனங்காய் மணலில் கடகடவென்று உருண்டது.

பின்னால் ஒரு குரைப்பு. வெள்ளை நாய் என் குதிகாலைத் தாண்டி வந்து, நுங்கு வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கப் பார்த்தது. நுழையவில்லை. உருளும் பனங்காய்மேல் மூக்கை வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டு ஓடியது. அதற்கப்புறம் மாமாவின் அலறல் கேட்டது. "ஏய்! ஏய்! நில்லு! அய்யோ, போவுதுடா!" திரும்பிப் பார்த்தேன். செவலை வந்துகொண்டிருந்தது. நடக்கவில்லை, ஓட்டம்! ஜட்கா ஓட்டம், கழுத்தை வளைத்து, முழங்காலைத் தூக்கித் தூக்கி. கயிற்றின் மறுமுனையில் மாமா காற்றாடி மாதிரி பறந்துகொண்டிருந்தார்.

இத்தனை நாளும் பின்னால் கேட்ட மூச்சு முன்னால் போகிறது. அதைப் பிடித்தாக வேண்டும் என்று நினைத்ததோ என்னவோ! எனக்குத் தெரியாது. குதிரைக்கு உள்ளே யார் போய்ப் பார்த்தார்கள்? கூடைகள் குலுங்கின. காரப்பொடி வழியெல்லாம் சிதறியது. அவ்வளவுதான், கடலைப் பார்த்துப் படுத்திருந்த அத்தனை நாயும் உத்தியோகத்தை விட்டுவிட்டு எழுந்து வந்தன. முன்னால் நுங்கு வண்டியும் நானும், அப்புறம் வெள்ளை நாய், அப்புறம் செவலை, அப்புறம் மாமா, அவருக்குப் பின்னால் சிந்தும் மீனைப் பொறுக்கித் தின்றுகொண்டு குப்பத்து நாய்ப் பட்டாளம். சவுக்குத் தோப்பில் கட்டை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அரிவாளை மரத்தில் கொத்திவிட்டு வாயைப் பிளந்தார்கள்.

"மெதுவாப் போமே, பேமானி!" என்று மாமா கத்தினார்.

"நின்னா அதுவும் நின்னுடும் மாமா! வா, வா, வா!"

உள்ளங்கால் வெந்தது. நெஞ்சு அடைத்தது. நிற்கவில்லை. பாதி வழியில் ஒரு பனங்காய் கழன்று ஓடியது. ஓடிக்கொண்டே குனிந்து எடுத்துக் குச்சியில் அடித்துச் செருகினேன். நாய் அந்த நேரமெல்லாம் அலுப்போடு என்னைப் பார்த்துக்கொண்டு கூடவே வந்தது.

துறைக்கு வந்து சேர்ந்தபோது வியாபாரியின் படகு போகாமல் நின்றிருந்தது. அதைத் துறையில் கட்டியிருந்த கயிற்றுமேல் அக்கா உட்கார்ந்திருந்தாள்! நாங்கள் மணல் வழியாகச் சுற்றி வந்தபோது, அவள் தோப்புக்குள் குறுக்குப் பாதையில், வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்து வந்து எங்களுக்கு முன்னால் சேர்ந்துவிட்டிருக்கிறாள். படகுக்காரர், "எழுந்திரும்மா, நேரமாவுது," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, காலை நீட்டி, நிழலில், கல்யாணப் பெண் மாதிரி அசையாமல் இருந்தாள்.

"இன்னாடி, ஊர்வலமா?" என்றாள். "வெறுங்கையோட வந்தவ எம்மா நேரம் காத்துகினு குந்துறது?"

மாமா மணலில் விழுந்து கிடந்தார். மூச்சு வந்ததும் கூடையைக் காட்டி, "பாதி பூட்ச்சு. நாயிங்க துன்னுட்ச்சு," என்றார்.

"துன்னட்டும்," என்றாள் அக்கா. அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்ன விதம்! மாமா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தை முதலில் பார்த்தார்.

"நாளைக்குக் கூடைக்கு மேல சாக்கு கட்டிக்கலாம்," என்று அக்கா தொடர்ந்தாள். "நீ ஏன் படுத்துகினு கீற? எழுந்து மீன எறக்கு. கட்டப் படகுக்காரன் சாயங்காலம் இந்தப் பக்கம் வருவான், அவன்கிட்ட சொல்லிடு. சனிக்கெழம குதிர ஏறாது. அதுக்கு இங்க வேல கீது."